இடது இடுப்பும் இரண்டாவது பிரேக்கும்

என் இடுப்பு வலி குணமான அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தச் செய்தி என் மனைவியின் காதுக்குப் போகக் கூடாது.

பதறாதீர்கள். நான் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை. வலி வந்தது நிஜம். துடித்தது நிஜம். போன பிறகும் போகவில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவரை இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதில்லையா? அந்த மரியாதையை என் வலிக்கும் கொடுத்தேன்.

வலி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிப் பள்ளி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. இந்த இரண்டாவது பிரேக்கால்தான் ஊர் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாணவர் லாரியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும்போது, நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மிதிப்பேன்.

எந்த நேரத்தில் மிதிக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது. அதனால் வலது கால் நாள் முழுக்க பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். உடம்புப் பாரம் மொத்தமும் இடது பக்கத்தில் இறங்கும். இடுப்புக்கு மேலே உள்ள பகுதி மாணவர் பக்கம் திரும்பி, ஸ்டீயரிங்கைப் பிடுங்கத் தயாராக இருக்கும். இப்படி முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி பல வருஷம் உட்கார்ந்தேன். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதும், படத்தில் கார் வேகமாக வந்தால் என் கால் தரையை மிதிக்கும். அந்த இடத்தில் கம்பளம் தேய்ந்து போயிருக்கிறது.

ஒருநாள் வகுப்பு முடிந்து வண்டியை விட்டு இறங்க எழுந்தேன். எழுந்தேன் என்பது பாதிதான் உண்மை. மேல் பாதி எழுந்தது. கீழ் பாதி வர மாட்டேன் என்றது. இடது பக்கம் இடுப்புக்குக் கீழே யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததுமே "டிஸ்க்" என்றார். பயிற்சிப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் நத்தை, "கிட்னியில கல்லு" என்றான். நத்தை என்பது நாங்கள் அவனுக்கு வைத்த பெயர். அவன் கற்றுக்கொடுக்கும் வண்டியை நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். என் மனைவிதான் நேராக இயன்முறை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"எங்க வலிக்குது?" என்று கேட்டார் பிசியோ மேடம்.

"இங்கதான் மேடம்." கையால் முதுகு முழுக்க ஒரு வட்டம் போட்டேன்.

"அவ்வளவு பெரிய இடம் வேண்டாம். ஒரே ஒரு விரலால காட்டுங்க."

காட்டினேன். பெல்ட்டுக்குக் கீழே, இடது பக்கம், முதுகில் சின்னக் குழி மாதிரி இருக்குமே, அதை ஒட்டி. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். விரல் அதே இடத்தில்தான் போய் நின்றது. பிறகு என்னைப் படுக்க வைத்து, கவிழ்த்து, காலை மடக்கி, நாலைந்து விதமாக அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சுருதியில் கத்தினேன்.

"டிஸ்க்தானே மேடம்?" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரே.

"இல்ல. முதுகெலும்போட அடியில முக்கோணமா ஒரு எலும்பு இருக்கு. அதோட ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேருது. அந்த மூட்டுலதான் தகராறு. தொடை வரைக்கும்கூட வலி இறங்கும். அதனாலதான் நிறைய பேர் டிஸ்க்குன்னு நினைச்சுக்கறாங்க."

"அங்கெல்லாமா மூட்டு இருக்கு? நான் மூட்டுன்னா முழங்கால்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"முழங்கால் மடங்குறது கண்ணுக்குத் தெரியும். இது அசையறதே தெரியாது. ஆனா உங்க மேல் உடம்போட பாரம் முழுக்க இது வழியாத்தான் காலுக்குப் போகுது."

"பாவம், சத்தமே போடாம வீட்டுப் பாரத்தை எல்லாம் தாங்கிட்டு இருந்திருக்கு" என்றாள் என் மனைவி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அவள் அந்த அறையில் பாடம் கேட்கிற பெண் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கேள்வி மேல் கேள்வி.

"எப்பெல்லாம் மேடம் ரொம்ப வலிக்கும்?"

"உக்காந்து எழுந்திருக்கும்போது. படுக்கையில புரளும்போது. மாடி ஏறும்போது. ஒத்தைக் கால்ல நிக்கும்போது."

"ஒத்தைக் கால்ல இவர் எதுக்கு நிக்கப் போறார்?"

"பேண்ட் போடும்போது, சாக்ஸ் போடும்போது எல்லாரும் நிக்கறதுதானே. இப்ப உக்காந்துதான் போடணும்."

"படுத்தே கிடக்கணுமா?"

"கூடவே கூடாது. அளவா நடக்கணும், சொல்லித் தர்ற பயிற்சியை விடாம பண்ணணும். கொஞ்ச நாளைக்குப் பக்கவாட்டுல முறுக்கி உக்கார வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம். சரியாயிடும்."

மனைவி தலையாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லும் அவள் மண்டைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்து வந்த நாட்களில்தான் வலியின் அருமை எனக்குப் புரிந்தது. பள்ளி முதலாளி என்னை வண்டியை விட்டு இறக்கி, சாலை விதிகள் சொல்லித்தரும் வகுப்பில் போட்டார். மெத்தை வைத்த நாற்காலி. மின்விசிறிக்கு நேர் கீழே. கையில் குச்சி, சுவரில் படங்கள். "இது என்ன? வளைவு. இது என்ன? பள்ளம்." யாரும் என்னைக் கொல்ல முயற்சி செய்யவில்லை. வீட்டிலோ ராஜ உபசாரம். கட்டிலை நகர்த்து என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் கேன் தானாகவே உள்ளே வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. அதற்கு என் மனைவியின் தொழிலைச் சொல்ல வேண்டும்.

அவள் திரைச்சீலை தைக்கிறவள். அவள் தைத்த திரையைத் தொங்கவிட்டால் ஓட்டை ஜன்னல்கூடப் பணக்கார ஜன்னலாகத் தெரியும். ஆனால் தைத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்கள் காரை ஓட்ட வேண்டியவன் நான். நாள் முழுக்க வண்டியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனிடம் "வண்டியை எடுங்க" என்றால் எப்படி இருக்கும்? நாளைக்கு என்பேன். நாளைக்கும் நாளைக்கு என்பேன். அப்படித்தான் ஒரு பல் மருத்துவரின் ஆர்டர் கைநழுவிப் போனது. அன்று அவள் அழவில்லை. திட்டவில்லை. தையல் மிஷினை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அது திட்டியதைவிட உறைத்தது.

"எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க. உங்களைத் தொந்தரவு பண்ணவே மாட்டேன்" என்றாள்.

"அதெல்லாம் சரிப்படாது."

"ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றீங்க!"

"ஊர் என்னை எதிர்த்துப் பேசாது. நான் பிரேக்குன்னு சொன்னா பிரேக் போடும். நீ ஏன் எதுக்குன்னு கேப்ப."

உங்களிடம் மறைப்பானேன். வீட்டில் சமையலறை அவள் கையில். பீரோ சாவி அவள் கையில். டி.வி. ரிமோட் அவள் கையில். என் கையில் இருந்தது ஸ்டீயரிங் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

இந்த நேரத்தில்தான் அவளுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. புதிதாகத் திறக்கப் போகிற ஒரு தங்கும் விடுதி. மூன்று மாடி. அத்தனை ஜன்னலுக்கும் திரை. திறப்பதற்குள் கொண்டுவந்து மாட்டித் தரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. மறுபடியும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தாள்.

"அந்தப் பக்கத்து சீட்டுல முறுக்கி உக்காரக் கூடாதுன்னு மேடமே சொல்லிட்டாங்களே" என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

"அய்யோ, வேண்டவே வேண்டாங்க. உங்க உடம்புதான் முக்கியம்" என்றாள்.

என் உச்சி குளிர்ந்தது. இந்த மாதிரி மனைவி அமைய நான் என்ன தவம் செய்தேனோ என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். காரணம்தான் வேறு.

என்னால் கார் ஓட்ட முடியாதே, அதனால் மருத்துவமனைக்கு எங்களை நத்தைதான் பள்ளி வண்டியில் அழைத்துப் போவான். அவள் ஏற்பாடு. நான் உள்ளே போய்ச் சூடான ஒத்தடப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடப்பேன். அப்புறம் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி இறக்க வேண்டும். நான் வெளியே வரும்போது மனைவி வரவேற்பறையில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் வேர்த்திருப்பாள். என்னை நினைத்துக் கவலையில் வேர்க்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

சில வாரங்களில் வலி சுத்தமாகப் போய்விட்டது. பிசியோ மேடம் கெட்டிக்காரர். ஆனால் மெத்தை நாற்காலியை விட மனம் வரவில்லை. நடிக்க ஆரம்பித்தேன்.

நடிப்பு என்றால் சாதாரணமா? எழும்போது "அம்மா", உட்காரும்போது "அய்யா". முகத்தைச் சுளித்துச் சுளித்து எனக்குக் கன்னம் வலித்தது. என் மனைவியோ என்னைவிட அக்கறையாக இருந்தாள்.

"என்னங்க, முழுக் கையையும் வச்சுப் பிடிச்சிட்டு வர்றீங்க? மேடம் ஒத்த விரல் இடம்னு சொன்னாங்களே."

"ஆமா ஆமா. வலியில மறந்துட்டேன்." கையைச் சுருக்கி விரலாக்கினேன்.

"இன்னைக்கு வலது பக்கமா நொண்டுறீங்க?"

"அது... மாறி மாறி வருது."

"மாறக் கூடாதுங்க. இடது பக்கமே இருக்கட்டும். குழப்பம் வேண்டாம்."

இன்னொரு நாள் காபியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ராத்திரி புரண்டு படுத்தீங்க, முனகவே இல்லையே. மறந்துட்டீங்களா?"

"தூக்கத்துல வலிச்சிருக்கும். எனக்குத் தெரியல."

"இன்னும் கொஞ்ச நாளைக்குக் கவனமா இருங்க. பாதியில விட்டுடாதீங்க."

எவ்வளவு கரிசனம் பாருங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்காகவே அன்று முதல் கூடுதலாக இரண்டு முனகல் சேர்த்துக்கொண்டேன்.

விடுதி திறப்பு நெருங்கியது. மிஷின் ஓயாமல் ஓடியது. மூட்டை மூட்டையாகத் திரைகள் கூடத்தில் ஏறின. நான் சோபாவில் படுத்தபடி அவள் தைப்பதைப் பார்ப்பேன். மின்சார மிஷின் அது. காலடியில் ஒரு மிதி. மற்றவர்கள் மிதித்தால் குதிரை மாதிரி பாயும். அவள் பாதம் பட்டால் ஒரு தையல் என்றால் ஒரே தையல் போட்டு நிற்கும். நேர்கோடு விலகாது.

"எப்படி இவ்வளவு நேராப் போகுது?" என்று கேட்டேன்.

"ஊசியைப் பார்த்தா கோணும். முன்னாடி வரப்போற துணியைப் பார்க்கணும்" என்றாள்.

அட, நான் தினமும் மாணவர்களிடம் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தானே! வண்டியின் பானெட்டைப் பார்க்காதே, தூரத்துச் சாலையைப் பார். அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. முனகிக்கொண்டு திரும்பிப் படுத்தேன். இடது பக்கத்தைப் பிடிக்க மட்டும் மறக்கவில்லை.

"எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போற?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"பார்த்துக்கலாம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

கடைசியாக மருத்துவமனைக்குப் போன நாளில் நத்தை எங்கள் வீட்டுக் காரையே எடுத்தான். பள்ளி வண்டி பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றான். நான் ஒத்தடம் வாங்கி, இடுப்பைத் தூக்கி இறக்கி, சட்டையை மாட்டும்போது பிசியோ மேடம் சிரித்தார்.

"சார், இனிமே நீங்க இங்க வர வேண்டாம். பயிற்சியை மட்டும் வீட்டுல விட்டுடாதீங்க. உங்க வேலைக்கு அது எப்பவும் நல்லது."

"ஆனா மேடம், வலி இன்னும்..."

"வலி போயிடுச்சுன்னு நான் உங்க வீட்டுல அப்பவே சொல்லிட்டேனே. பலம் வரட்டும், இன்னும் கொஞ்ச நாள் கூட்டிட்டு வர்றேன்னு அவங்கதான் சொன்னாங்க."

வெளியே வந்தேன். நத்தை நடைபாதையில் நின்று அசட்டுச் சிரிப்பு சிரித்தான். கார் இயங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் என் மனைவி. கண்ணாடியைச் சரிசெய்து கொண்டிருந்தாள்.

"ஏறுங்க" என்றாள். "பின்னாடி. முன்னாடி வேண்டாம்."

"என்ன விளையாட்டு இது? இறங்கு! லைசென்ஸ் இல்லாம..."

கைப்பையிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். போன வாரம் வாங்கியது. படத்தில் அழகாக இருந்தாள். முதல் தடவையிலேயே பாஸ்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்க உள்ள கவிழ்ந்து கிடந்தப்ப இவருக்கு வெளியே சும்மா உக்காந்து போரடிச்சுது" என்று நத்தையைக் காட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே" என்றான் நத்தை. "முதல் நாளே வண்டி ஒரு தடவைகூடக் குதிக்கல. இப்படி ஒரு கிளட்ச் கால் நான் பார்த்ததில்ல. என் பக்கத்து பிரேக்குல தூசி படிஞ்சு போச்சு."

பின் இருக்கையில், துணி போட்டு மூடிய ஏதோ ஒன்றுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். நத்தை கையசைத்தான். வண்டி நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை. கட்டடங்கள்தான் பின்னால் போவதாகத் தெரிந்தது. அந்த மிஷின் மிதிக்குப் பழகிய பாதம் கிளட்சை விட்டதை நான் என்னவென்று சொல்வது? முதல் திருப்பத்தில் பழக்க தோஷத்தால் என் கால் பிரேக்கைத் தேடியது. இரண்டாவது திருப்பத்தில் லேசாக அசைந்தது. அதற்குப் பிறகு அசையவே இல்லை. சந்தை வாசலில் ஒரு சைக்கிள் குறுக்கே விழுந்தது. அவள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்தாள். பேருந்து ஒலியெழுப்பி மிரட்டியது. அவள் மிரளவில்லை.

பல வருஷமாக அந்தரத்தில் நின்ற கால் அது. எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தர் ஓட்டும்போதுகூட அது தரையில் படுத்ததில்லை. இன்று படுத்தது. என் இடுப்பின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கையில் பதிந்திருந்தது. பிசியோ மேடம் படித்துப் படித்துச் சொன்ன உட்காரும் முறை, மனைவி ஓட்டியபோதுதான் எனக்கு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையில் எனக்குக் கண் கலங்கியது.

விடுதி வந்தது. வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கைக்குட்டை அளவு இடம். நானாக இருந்தால் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போயிருப்பேன். அவள் ஒரே வீச்சில் பின்னால் வந்து, உறையில் தலையணை நுழைவது மாதிரி உள்ளே நுழைத்தாள்.

"பிரமாதம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நான் நடிக்கிறேன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மேடம் சொல்றதுக்கு முன்னாடியே. ஒத்தைக் கால்ல நின்னுகிட்டு சாக்ஸ் போட்டீங்க. பாட்டு வேற பாடினீங்க."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா உங்களுக்கு உடனே வலி போயிருக்கும். நான் அப்பத்தான் ரிவர்ஸ் ஆரம்பிச்சிருந்தேன்."

நான் முனகிய ஒவ்வொரு முனகலும் அவளுக்கு ஒரு வகுப்பு. முதல்தரமான மாணவி ஒருத்திக்கு நான் சொல்லித் தரவில்லை என்று யாரும் இனி குறை சொல்ல முடியாது. சொல்லித் தராமலே சொல்லித் தந்திருக்கிறேன்.

அவள் இறங்கி டிக்கியைத் திறந்தாள். உள்ளே திரைச்சீலை மூட்டைகள், திணித்துத் திணித்து. பின் இருக்கையில் என் பக்கத்தில் துணி மூடி இருந்ததும் மூட்டைதான்.

"மூணாவது மாடியிலருந்து ஆரம்பிக்கலாங்க. லிஃப்ட் இன்னும் ஓடல" என்றாள்.

நான் அந்த மாடிப்படியைப் பார்த்தேன். மூட்டைகளைப் பார்த்தேன். "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அனுபவம் சும்மா போகவில்லை. முழுக் கை வைக்கவில்லை. ஒரே ஒரு விரல்தான், குழியை ஒட்டி, அச்சாக அதே இடத்தில்.

அவள் முதல் மூட்டையை என் தோளில் ஏற்றினாள்.

"அது வலது பக்கங்க."